ஷவல் வாளியில் ஒரு மணப்பெண்

நல்ல மழை. வெள்ளைப் பட்டுச் சேலை, தலையில் வலை முக்காடு, மடியில் ரோஜாச் செண்டு. இந்தக் கோலத்தில் நான் ஓர் இரும்பு வாளிக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அம்மா, ஒரு கையில் குடையும் மறு கையில் ஜெபமாலையுமாக. எங்களுக்குக் கீழே இருந்திருக்க வேண்டிய ரோட்டைக் காணவில்லை. பால் குறைந்த தேநீர் நிறத்தில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது.

"ரொம்பத் தூக்காதீங்க!" என்று அம்மா பின்னால் திரும்பிக் கத்தினார்.

"நாலு பேர் பாக்கட்டும் லா!" என்று அப்பா அங்கிருந்து கத்திவிட்டு, எங்களை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினார்.

நான் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அது சைக்கிள் இல்லை

போன வாரம் என் தொழிற்சாலை நாட்களைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில், "நான் ஷவலில் ஏறித்தான் கல்யாணத்துக்குப் போனேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். பாலிங்கிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். "அக்கா, அது சைக்கிள்தானே? அச்சுல தப்பா வந்துருச்சா?"

இல்லை தங்கச்சி. ஷவல்தான். நான்கு பெரிய சக்கரங்கள், முன்னால் இரண்டு இரும்புக் கைகள், அந்தக் கைகளின் நுனியில் ஒரு வாளி. மண்ணையும் கல்லையும் அள்ளி லாரியில் கொட்டுகிற மெசின். ரோடு போடும் இடங்களில் பார்த்திருப்பீர்கள்.

அதில் மணப்பெண்ணை ஏற்றலாமா என்று கேட்டால், ஏற்றக்கூடாது. ஆனால் எங்கள் அப்பாவிடம் அதை யாரும் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய ஒரே ஆள் என் மாமனார். அவரும் அன்று அதே மெசினின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கோட்டு சூட்டோடு.

புகைக்குழாய் பேசும்

அப்பா பெயர் சவரிமுத்து. சிடாம் கிரிப் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தில் ஷவல் ஓட்டினார். செம்மண் ரோடு போடுவது, மழைக்குச் சரிந்த கரையை அள்ளுவது, லாரி புதைந்தால் இழுத்துவிடுவது எல்லாம் அவர் வேலை.

நான் பிறப்பதற்கு முன்பே, துரைமார் காலத்தில், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த மெசின் அது. மேலே தகரக் கூரை, நாலு பக்கமும் திறப்பு. வெயிலும் மழையும் ஓட்டுபவரைக் கேட்காமலே உள்ளே வரும். நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாயின் தலையில் ஒரு சின்ன மூடி இருந்தது. எஞ்சின் ஓடும்போது அது டக் டக் என்று வாயைத் திறந்து திறந்து மூடும். சின்ன வயதில் அது ஏதோ பேசுகிறது என்று நான் நினைத்தேன். வளர்ந்த பிறகு அந்த நினைப்பு எனக்குப் போய்விட்டது. அப்பாவுக்குப் போகவில்லை.

அந்த மெசினுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பாது. பின்சக்கரம்தான் திரும்பும். மூக்கை இடதுபக்கம் திருப்ப வேண்டுமென்றால் பின்பக்கம் வலதுபக்கமாக ஒரு வீச்சு வீசும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அந்த வீச்சில் போன கோழிக்கூடுகள் பல, துணிக்கொடிகள் பல. ஒருமுறை வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் மோட்டார் சைக்கிளும் போயிற்று.

"மெசின் மேல தப்பே இல்ல" என்பார் அப்பா. "அவங்க எதுக்குப் பின்னால நிக்கிறாங்க?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், சட்டையைக் கழற்றிவிட்டு மெசினுக்குச் சோப்புப் போடுவார். அம்மா வாசலில் நின்று பார்ப்பார். "இத்தன வருசத்துல எனக்கு ஒரு நாளாச்சும் முதுகு தேய்ச்சு விட்டிருப்பீங்களா?" என்று கேட்பார். அப்பா உண்மையிலேயே யோசிப்பார். அதுதான் அம்மாவுக்குக் கோபம்.

கடைசிப் பொம்மை

எண்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுங்கைப்பட்டாணியில் ஒரு சீனர் கடை. நோட்டு, பேனா, பந்து, பொம்மை எல்லாம் இருக்கும். கடை முதலாளி, தவுக்கே என்று கூப்பிடுவோம், தமிழ் நன்றாகப் பேசுவார். அவருடைய கண்ணாடி அலமாரியில் ஒரு பொம்மை ஷவல் வந்திருப்பதாக அப்பாவுக்குத் தகவல் கிடைத்தது. எனக்குப் புதுச் செருப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். செருப்புக் கடை எந்தப் பக்கம் என்றுகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பொம்மை உள்ளங்கை அளவு. இரும்பில் வார்த்தது. மஞ்சள் பெயின்ட், கறுப்பு ரப்பர் சக்கரம். வாளியைக் கட்டைவிரலால் தூக்கலாம், கவிழ்க்கலாம். வயிற்றைத் திருப்பிப் பார்த்தால் இங்கிலாந்தில் செய்தது என்று எழுத்து பொறித்திருக்கும்.

அப்பா அதன் பெட்டியில் கை வைத்தபோது, அங்கே ஏற்கெனவே இன்னொரு கை இருந்தது. பெரிய கை. அந்தக் கைக்குப் பின்னால் அதைவிடப் பெரிய ஓர் உடம்பு.

"அண்ணே, கைய எடுங்க" என்றார் அந்த மனிதர். "என் மகனுக்கு வாங்குறேன்."

"நானும் என் மகளுக்குத்தான் வாங்குறேன்" என்றார் அப்பா. நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். தொழிற்சாலைச் சீருடையில்.

இரண்டு பேரும் பெட்டியை விடவில்லை. தவுக்கே மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"அண்ணே, உங்க மகனுக்கு எத்தன வயசு?"

பெரியவர் தொண்டையைச் செருமினார். "இருபத்தாறு."

தவுக்கே என்னைப் பார்த்தார். என் உயரத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"பொம்ம வேணாம் லா" என்றார். "ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வெச்சிருங்க."

அந்த வருடம் எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்னதிலேயே புத்தியான பேச்சு அதுதான். ஆனால் அன்று அதை யாரும் காதில் வாங்கவில்லை. அந்த இரண்டு பேரும் ஒருவர் இன்னொருவருடைய உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரிக் காய்ப்பு.

"ஷவலா?" என்றார் அப்பா.

"ஷவல்தான்!" என்றார் அவர். "இங்கிலாந்து மெசின்!"

எனக்கு அன்று செருப்பு வாங்கவில்லை.

இரண்டு கட்சிகள்

அவர் பெயர் ராயப்பன். ஊர் பெண்டாங். வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால்களில் வேலை செய்யும் ஒரு காண்ட்ராக்டரிடம் ஷவல் ஓட்டினார். இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டுப் பொம்மையை வாங்கினார்கள். ஒரு மாதம் எங்கள் வீட்டில், ஒரு மாதம் அவர் வீட்டில் என்று பேச்சு.

இவ்வளவு ஒற்றுமையாகத் தொடங்கிய நட்பு, காப்பிக் கடைக்குப் போய் உட்கார்ந்ததும் உடைந்தது. ராயப்பன் ஓட்டியதும் இங்கிலாந்து மெசின்தான், ஆனால் அப்பாவுடையதற்குப் பிற்பாடு வந்தது. நடுவில் கீல் வைத்தது. திரும்பும்போது சக்கரம் திரும்பாமல் மெசினே இடுப்பில் மடங்கும்.

"இடுப்பு ஒடியிறது ஒரு மெசினா?" என்றார் அப்பா.

"வாத்து மாதிரி பின்னால ஆட்டிக்கிட்டுப் போறது மட்டும் மெசினா?" என்றார் அவர்.

பஸ் ஸ்டேண்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் காப்பிக் கடையில் பிறகு ஒரு கூட்டமே சேர்ந்தது. பாலிங் கல்லுடைக்கும் இடத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் ஷவல் ஓட்டுபவர்கள், அல்லது ஒரு காலத்தில் ஓட்டியவர்கள். பின்பக்கம் ஆட்டும் கட்சி ஒரு மேசை, இடுப்பு ஒடிக்கும் கட்சி ஒரு மேசை. நடுவில் ஒரு முக்காலியில் பொம்மை.

பொம்மையை வைத்து எந்த வழக்கையும் தீர்க்க முடியவில்லை. அதற்குப் பின்சக்கரமும் திரும்பாது, இடுப்பும் மடங்காது. நேராக மட்டுமே போகும். "பாத்தீங்களா, இடுப்பு கிடையாது. அப்ப இது என் மெசின்" என்பார் அப்பா. "சின்னப் பிள்ளைங்க கை மாட்டிக்கும்னு இடுப்ப ஒட்டிக் குடுத்திருக்கான்" என்பார் ராயப்பன்.

ராயப்பனுக்கு இன்னொரு திறமை இருந்தது. தன் மெசினை வாயாலேயே ஸ்டார்ட் செய்து காட்டுவார். குளிர்ந்த காலையில் அது முதலில் இருமும். நிற்கும். மறுபடி இருமும். பிறகு கன்னமெல்லாம் அதிர ஒரு பிளிறல். பக்கத்து மேசைக்காரர்கள் முன்கூட்டியே காப்பியைக் கையால் மூடிக்கொள்வார்கள்.

பிஸ்கட் டின்

பெரிய மனிதர்கள் பொம்மையைப் பஸ்ஸில் கொண்டுபோனால் நன்றாக இருக்காது என்று ராயப்பனுக்குத் தோன்றியிருக்கிறது. அதனால் மகனிடம் கொடுத்து அனுப்பினார்.

மகன் பெயர் ஸ்டீபன். பெண்டாங்கில் தையல் கடை வைத்திருந்தார். ஒல்லி. கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின்.

"அப்பா குடுத்தாரு" என்று டின்னை நீட்டினார். முகமெல்லாம் வெட்கம்.

திறந்தேன். உள்ளே பொம்மை, அதன் மேல் கச்சிதமாகத் தைத்த ஒரு கித்தான் உறை. வாளிக்குத் தனியாக ஒரு குட்டி உறை, நாடா வைத்து.

"இது..."

"மழக் கோட்டு" என்றார், தரையைப் பார்த்தபடி. "அப்பா தைக்கச் சொன்னாரு."

வாசலில் ஒரு நிமிடம் தயங்கி நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒன்னு கேக்கலாமா? உங்களுக்கு ஷவல் புடிக்குமா?" என்றார்.

"சுத்தமா புடிக்காது."

"கடவுளே, நன்றி" என்றார் ஸ்டீபன்.

அந்த நிமிடத்தில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மாதம் தவறாமல் டின் வந்தது. எங்கள் முறை முடிந்ததும் அதைத் திரும்ப வாங்கிப் போகவும் அவரே வந்தார். கொஞ்ச நாளில் மாதக் கணக்கெல்லாம் குழம்பி, பொம்மை பெண்டாங்கில் இருக்க வேண்டிய நாட்களிலும் வெறும் டின்னோடு வந்தார். அப்பா கவனிக்கவில்லை. அம்மா கவனித்தார். ராயப்பன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். கல்யாணம் முடிவாயிற்று.

அந்தப் பொம்மை இன்றும் எங்கள் தையல் கடைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வாளி நிறையச் சட்டைப் பித்தான்கள். வயதான ஷவல் ஆட்கள் இன்னும் சிலர் தேடி வருவார்கள். பாண்ட் தைக்க வந்ததாகச் சொல்வார்கள். துணி எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள்.

வெங்காயம் மிதந்தது

கல்யாணம் நவம்பர் கடைசியில், ஒரு சனிக்கிழமை, சுங்கைப்பட்டாணி மாதா கோயிலில். மறுநாள் திருவருகைக் காலம் தொடங்குகிறது. அது தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் முடியும்வரை எங்கள் சாமியார் கல்யாணம் வைக்க மாட்டார்.

அந்த வாரம் முழுக்க மழை. மாப்பிள்ளை வீட்டார் பட்டணத்தில் உறவினர் வீட்டில் வந்து தங்கிவிட்டார்கள். ராயப்பன் மட்டும் வெள்ளிக்கிழமை காலையில், மகன் தைத்த கல்யாணச் சூட்டைச் சம்பந்திக்குக் காட்டவென்று போட்டுக்கொண்டு, பொம்மையையும் எடுத்துக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தார். சம்பந்தியோடு காப்பி குடித்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்துக்கு வெளியே இருந்த சிறு பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. பஸ் நின்றது. கார்கள் நின்றன. மாப்பிள்ளையின் அப்பா மணப்பெண் வீட்டில் மாட்டிக்கொண்டார்.

தோட்டத்து ஆபீசுக்குச் சாமியார் போன் செய்தார். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வந்தால் கல்யாணம். இல்லாவிட்டால் ஜனவரி.

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். எனக்கு ஜனவரி என்பது அந்த வயதில் வேறு நாடு.

அப்பாதான் எழுந்தார். "ஷவல் இருக்குல்ல?" என்றார்.

"உங்க மெசின் தாண்டாது, சம்மந்தி" என்றார் ராயப்பன் உடனே. "முன்னால ஆளு ஏறுனா பின்னால தூக்கிரும். பின்சக்கரம் தரையில பிடிக்காது. அப்புறம் ஸ்டியரிங் எதுக்கு, அழகுக்கா?"

"தாண்டும்."

"தாண்டாது."

"டின்னத் தெறங்க" என்றார் அப்பா.

விருந்துக்கு அரிசி கழுவ வைத்திருந்த பெரிய பேசினை இழுத்து வந்தார்கள். அடியில் ஒரு பலகை, அதுதான் பாலம். தண்ணீர் ஊற்றினார்கள். பொம்மையை இறக்கி மூக்கில் நூல் கட்டினார்கள். சமையலுக்கு வந்த பெண்கள் அரிவாள்மணையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். அப்பா ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்து வாளியில் வைத்தார்.

"இது யாரு?" என்றேன்.

"நீதாம்மா."

நூலை இழுத்தார். பொம்மை பாதி தூரம் போயிற்று. அங்கே நான் வாளியை விட்டு மெதுவாக எழுந்து, மிதந்து, பேசின் ஓரத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றேன். சமையல்கார அக்கா "ஐயோ!" என்றார்.

"எம் பொண்ணு அவ்வளவு லேசு கெடையாது" என்றார் அம்மா. ஒரு உருளைக்கிழங்கைப் போட்டார்கள். இந்த முறை நான் மிதக்கவில்லை. மூக்குக் குப்புற மொத்த மெசினையும் கவிழ்த்துவிட்டேன்.

ராயப்பன் எழுந்து நின்றார். "பாத்தாச்சா? என் மருமகள அந்த வாத்து மேல ஏத்த விட மாட்டேன்."

"உங்க மருமகளா? இன்னும் ஆகல!" என்றார் அப்பா.

"ஆகவே வேணாம் போங்க!"

"போங்க! யாரு புடிச்சு வெச்சா?"

ராயப்பன் பொம்மையை ஈரத்தோடு டின்னில் போட்டார். கோட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார். அம்மா அழத் தொடங்கினார். விளையாட்டாகத் தொடங்கியது என் கல்யாணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ராயப்பன் திரும்பி வந்தார். ரோடு வெள்ளத்தில் இருந்ததால் போக இடம் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அவ்வளவு ஆசையாக இருந்தது. அவர் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அப்பா எதிர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

மாவு உருண்டை

நான் டின்னை எடுத்தேன். பொம்மையைப் பேசினில் மறுபடி இறக்கி, உருளைக்கிழங்கை வாளியில் வைத்தேன். பக்கத்தில் பலகாரத்துக்குப் பிசைந்த மாவு இருந்தது. ஒரு பெரிய உருண்டையாகக் கிள்ளி மெசினின் பின்பக்கம் ஒட்டினேன். நூலை இழுத்தேன். பொம்மை ஆடாமல் அசையாமல் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டு பேரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது சரி" என்றார் அப்பா. "உருளக்கெழங்கு நீ. மாவு யாரு?"

நான் ராயப்பனைப் பார்த்தேன். அம்மா பார்த்தார். சமையல்கார அக்கா பார்த்தார். தோட்டத்தில் அவ்வளவு எடையுள்ள இன்னொரு ஆள் இல்லை.

"நானா?" என்றார் ராயப்பன். "அந்த மெசின் மேலயா?"

"மாமா" என்றேன். முதல் முறையாக அப்படிக் கூப்பிட்டேன். "நீங்க பின்னால உக்காந்தா நான் தைரியமா முன்னால உக்காருவேன்."

அவர் நெடுநேரம் மாவு உருண்டையையே பார்த்தார். "இவ்வளவு பெருசாவா இருக்கேன்?" என்று கேட்டார். அப்பாவுக்கு அடக்க முடியவில்லை. முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு மாமாவின் வயிறு குலுங்கத் தொடங்கியது.

பாலத்தின் மேல்

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம், சனிக்கிழமை காலை.

அம்மா வாளியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, பாய் விரித்து, அதன்மேல் மேசை விரிப்பு விரித்திருந்தார். அப்பா கல்யாணச் சூட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். மாமா பின்பக்கத்து எஞ்சின் மூடிமேல் நாலு கோணிச் சாக்கு போட்டு உட்கார்ந்திருந்தார். எஞ்சின் சூடாகச் சூடாக இடது பக்கமும் வலது பக்கமுமாக மாறி மாறி எழும்பிக்கொண்டிருந்தார். "சம்மந்தி, தோச வேகுது!" என்று கத்தினார்.

தண்ணீர் ஓரத்தில் ஒரு மலாய்ப் போலீஸ்காரர் தடுப்புப் போட்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"அப்பா இனி?" என்று கேட்டார். மலாயில் 'இது என்ன' என்று அர்த்தம்.

"பெங்காந்தின்!" என்று அப்பா கத்தினார். மணப்பெண்!

அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். நான் முக்காட்டுக்குள்ளிருந்து கும்பிட்டேன். தடுப்பை நகர்த்திவிட்டுச் சல்யூட் அடித்தார். நின்றிருந்த பஸ்ஸின் எல்லா ஜன்னல்களிலும் கைகள் ஆடின.

பாலத்தின் இரண்டு ஓரத்திலும் யாரோ மூங்கில் நட்டு வைத்திருந்தார்கள். அந்த மூங்கில்களுக்கு நடுவேதான் பாலம் என்று நம்ப வேண்டும். பாதிவரை நன்றாகத்தான் போனோம். அங்கே ரோடு லேசாக வளையும். அப்பா ஸ்டியரிங்கைத் திருப்பினார். மெசின் திரும்பவில்லை. நேராக மூங்கிலைப் பார்த்தே போயிற்று.

அம்மா ஜெபத்தை நிறுத்திவிட்டார். எனக்கு அது வெள்ளத்தைவிடப் பயமாக இருந்தது. பேசின் ஓரத்தில் மோதி நின்ற வெங்காயம் கண்ணுக்குள் வந்தது. செண்டை இறுக்கிப் பிடித்ததில் முள் குத்தியது.

"சம்மந்தி! பின்னால போங்க!" அப்பாவின் குரல் உடைந்திருந்தது. "இன்னும் பின்னால!"

திரும்பிப் பார்த்தேன். மாமா சாக்கையெல்லாம் விட்டுவிட்டு, அந்தச் சூட்டில் தவழ்ந்து, மெசினின் விளிம்புக்கே போய், கால்கள் தண்ணீரில் தொங்க உட்கார்ந்து, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்தார். இரண்டு கையாலும் ஒரு கம்பியைப் பிடித்திருந்தார். கையை விட்டால் ஆற்றில்தான். "புடிச்சிருச்சு! இப்ப திருப்புங்க!" என்று கத்தினார்.

பின்சக்கரம் தரையைப் பிடித்தது. பின்பக்கம் ஒரு வீச்சு வீசியது. மூங்கில் என் கைக்கு எட்டும் தூரத்தில் விலகிப் போயிற்று. நாங்கள் வளைந்தோம். தண்ணீர் குறைந்தது. தார் ரோடு தெரிந்தது.

அப்பா வண்டியை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார். மாமா தவழ்ந்து வந்து எட்டி அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சம்மந்தி" என்றார் மாமா, மூச்சு வாங்கியபடி. "பின்னால உக்காந்து பாத்தாத்தான் தெரியுது. அவ அழகாத்தான் திரும்புறா."

கோயிலைச் சுற்றி

மாதா கோயில் வாசலில் எல்லாரும் காத்திருந்தார்கள். ஸ்டீபன் படிக்கட்டில் நின்றார். கண்ணை எடுக்க முடியாத நல்ல சூட்டு, தானே தைத்தது. என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார். நாங்கள் அவரைத் தாண்டிப் போனோம்.

பிரேக் தண்ணீர் குடித்திருந்தது. பிடிக்கவில்லை. வாளியைத் தரையில் ஊன்றினால் மெசின் நின்றுவிடும், ஆனால் வாளியில் நான் இருக்கிறேன். அப்பாவுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. கியரைக் குறைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றினார்.

"நிறுத்துங்கப்பா!" என்று ஸ்டீபன் பின்னாலேயே ஓடி வந்தார்.

"நிறுத்திக்கிட்டுத்தான் மாப்பிள்ள இருக்கேன்!"

கோயிலுக்குப் பின்புறம் இருந்த வாழைகளில் ஒன்றை மெசினின் பின்பக்கம் தட்டிவிட்டது. எதிர்வீட்டு ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியோரம் வந்து, "கிறிஸ்தவங்களும் பிரகாரம் சுத்துவீங்களா?" என்று கேட்டார். அம்மா, "இன்னைக்கு மட்டும் அண்ணே" என்றார். ஒரு முழுச் சுற்று முடிந்து, முன்பக்கப் புல்தரைச் சேற்றில் புதைந்து, மெசின் தானாக நின்றது. ஸ்டீபன் கை கொடுத்து என்னை இறக்கினார். அவர் கை ஜில்லென்று இருந்தது. என் சேலையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. மாமாவின் சூட்டைப் பற்றி எழுத வேண்டாம்.

பாட்டு தொடங்கியது. அப்பா என்னைக் கையைப் பிடித்து நடத்திக் கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் விட்டார். நெற்றியில் முத்தம் கொடுத்தார். டீசல் மணம் அடித்தது. பூசை நடந்தது. சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்தார். வாக்குக் கொடுக்கும் நேரம் வந்ததும் அப்பாவைத் தேடி முன் பெஞ்சைப் பார்த்தேன். அவர் இல்லை. எதிர்ப் பெஞ்சில் மாமாவும் இல்லை.

சாமியார் ஸ்டீபனிடம் கேட்டார். ஸ்டீபன் சம்மதம் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார். அந்த நேரத்தில் வெளியே எஞ்சின் இருமியது. நின்றது. மறுபடி இருமியது. பிறகு ஜன்னல் கண்ணாடி அதிர ஒரே பிளிறல். பிரேக்கைத் துடைத்துவிட்டு, புதைந்த மெசினைக் கிளப்பிப் பார்க்கிறார்கள்.

"சம்மதம்" என்றேன்.

சாமியார் காதில் கை வைத்துக் குனிந்தார்.

"சம்மதம்" என்றேன், கொஞ்சம் உரக்க. எஞ்சினும் உரக்கக் கத்தியது. ஸ்டீபனுக்குத் தோள் குலுங்கத் தொடங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு பீடத்தைப் பார்த்தார்.

மூச்சை ஆழமாக இழுத்தேன். எங்கள் லயம் முழுக்கக் கேட்கும் குரலில் கத்தினேன். சரியாக அந்த நொடியில் வெளியே எஞ்சினை நிறுத்திவிட்டார்கள்.

"சம்மதம்!"

கூரையில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. யாரோ ஒரு குழந்தை அழுதது. கோயில் முழுக்கச் சிரிப்பு, சாமியார் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

பின்கதவு படாரென்று திறந்தது. அப்பாவும் மாமாவும் ஓடி வந்தார்கள். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி, முழங்கால்வரை சேறாக, கையில் ஆளுக்கொரு கந்தல் துணியோடு. அப்பா நடுப்பாதையில் பாதிவரை வந்து நின்றார்.

"என்னம்மா? கூப்பிட்டியா?"

"இல்லப்பா" என்றேன். "கல்யாணம் பண்ணிக்கிட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். ஸ்டீபனைப் பார்த்தார். கையில் இருந்த கந்தல் துணியை மெதுவாகப் பாண்ட் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"அதுக்குள்ளயா?" என்றார்.